எரியுது அக்கா

பத்தாவது வீடியோ மட்டும்தான் பாக்கி.

முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சமாசாரம் என்று தெரியும். இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் கதாநாயகிக்கு வீட்டில் வழங்கும் பெயர் முக்கால். வைத்தவன் கூடப் பிறந்த அண்ணன். ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தவள், ஒரு கை பின்னாமலே அதைப் பெட்டியில் போட்டு மூடினாள். கார் ஓட்டக் கற்றாள், பின்பக்கமாக எடுப்பதைக் கற்பதற்குள் நின்றுவிட்டாள். பயணச் சேனல் ஒன்று தொடங்கி, நாற்பது பாகம் வரப்போகிறது என்று அறிவித்தாள். அந்த அறிவிப்போடு சரி, ஒரு பாகம்கூட வரவில்லை. கல்யாணத்தன்று அண்ணன் அந்தப் பெயரையும் துணிப்பெட்டியோடு சேர்த்துப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தான்.

அதனால்தான் இந்த முறை சின்னதாக ஆரம்பித்தாள். மொத்தம் பத்து வீடியோ. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். வீட்டில் கெட்டுப்போகிற ஒரு சாமான், அதைச் சரிசெய்ய ஒரு வழி, அவ்வளவுதான். சொட்டுகிற குழாய், ஆடுகிற நாற்காலி, உடைந்த பிளக். பத்தோடு கடையை மூடிவிடுவதாகத் திட்டம்.

"பத்துன்னா பத்து," என்று போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நாத்தனார் சொல்லியிருந்தாள். "ஒன்பதே முக்கால் எல்லாம் இந்த வீட்ல செல்லாது."

நாத்தனார் என்றால் புருஷனுக்கு அக்கா. இரண்டு தெரு தள்ளி, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றுக்கு வார்டன். பகல் முழுக்க அங்கே அதிகாரம் செய்துவிட்டு, சாயங்காலம் மிச்சம் இருப்பதை வீட்டுக்குக் கொண்டுவருவாள். இந்த வீட்டின் முன்னறை அவளுடையது. அந்தக் கதவு சாத்தியே இருக்கும்.

அன்று காலை முக்கால் பாலைக் காய்ச்ச வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்தாள்.

"என்ன, முகம் வெளுத்திருக்கு?" என்றான் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி உயரக் கயிறுகளுக்கு நடுவே வேலை செய்கிறவன், வீட்டில் மட்டும் ஸ்டூல் மேல் ஏறவும் யோசிப்பான்.

"பயமா இருக்குங்க."

"ஷவர் அடைப்பு எடுக்கிறதுக்கா?" பத்தாவது வீடியோ அதுதான் என்று முடிவாகியிருந்தது.

"முடிக்கிறதுக்கு."

அவன் சிரித்தான். ஆனால் அவளுக்கு அது சிரிப்பாக இல்லை. பாதியில் விட்டதை யாரும் குறை சொல்ல முடியாது, அதுதான் இன்னும் முடியவில்லையே. முடித்ததைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், சொத்தை எங்கே என்று தேடுவார்கள். இத்தனை வருஷமும் அவளைத் தடுத்தது சோம்பேறித்தனம் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சோம்பேறிப் பட்டத்தையே வைத்துக்கொண்டாள்.

தைரியம் வேண்டும்போது அவள் எடுத்துப் படிப்பது ஒன்று உண்டு. உடைந்த பிளக்கை மாற்றும் நாலாவது வீடியோவுக்குக் கீழே, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியது. பெயர் 'ஜன்னலோரம்'. படம் எதுவும் கிடையாது.

'வீட்டு விளக்குக்கு நானே மாட்டினேன். எரியுது அக்கா.'

யாரோ ஒருத்தி, எங்கேயோ ஒரு வீட்டில், இவள் சொன்னதைக் கேட்டு ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுத்திருக்கிறாள். விளக்கு எரிந்திருக்கிறது. முக்கால் அதை அண்ணனுக்கு அனுப்பினாள், கடை முதலாளியம்மாவுக்குப் படித்துக் காட்டினாள், புருஷனுக்குத் தினமும் காட்டினாள். அன்று காலையும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃப்ரேமை முகத்துக்குப் பொருந்த வளைத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. மதியத்துக்கு முன்னால் நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேஜை மேலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் இறங்குது," என்று அதில் தெரிந்த முகத்தைத் தொட்டுக் காட்டினார்.

முக்கால் ஃப்ரேமை வாங்கிச் சூடாக்கி, காதுப்பக்கத்தை வளைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் போட்டார். முன்னைவிட மோசமாகக் கோணியது.

"அந்தப் பக்கத்தை வளைச்சுட்டீங்களேம்மா. நான் சொன்னது இந்தப் பக்கம்."

"நீங்க இதைத்தானே காட்டினீங்க?"

"கண்ணாடில காட்டினேன். கண்ணாடில எல்லாம் பக்கம் மாறித்தானே தெரியும்?" அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

முக்காலும் சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த சின்ன ஸ்க்ரூட்ரைவர் மேஜையில் விழுந்து உருண்டது.

இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நாலாவது வீடியோவில் அவள் சொன்னதும் அதுதான். 'சிவப்பு வயர் இந்தப் பக்கம். கறுப்பு அந்தப் பக்கம். பச்சை மேலே.' வலது, இடது என்று அவள் வாயில் வரவே வராது. சின்ன வயதிலிருந்தே அது இரண்டும் அவளுக்குக் குழம்பும். அதனால் கையால் காட்டியே பிழைப்பை ஓட்டிவிடுவாள்.

அதை எடுத்த அன்றைக்கென்று போன் ஸ்டாண்டின் பிடி உடைந்துபோயிருந்தது. போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்தாள். படத்தில் தான் சரியாக விழுகிறோமா என்று பார்த்துக்கொள்ள முன்பக்கக் கேமராவைப் போட்டுக்கொண்டாள். அவள் போனின் முன்பக்கக் கேமரா, முகம் பார்க்கும் கண்ணாடி காட்டுவது போலவே காட்டும். அப்படியே பதிவும் செய்துவிடும்.

வாடிக்கையாளரை முதலாளியம்மாவிடம் விட்டுவிட்டு, லென்ஸ் தேய்க்கும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நாலாவது வீடியோவை ஓடவிட்டாள்.

பிளக்கை அவள் பார்க்கவில்லை. தன் தலைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். எண்கள் இல்லாத, வெறும் புள்ளிகள் வைத்த கடிகாரம். அதன் வினாடி முள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழு நிமிடம், அவள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம், முள் தன் பாட்டுக்குப் பின்னால் நடந்தது. இத்தனை நாளும் அது அப்படித்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை, அவள் உட்பட.

புருஷனுக்குப் போன் செய்தாள்.

"லிஃப்ட் மேல நிக்கறேன். அவசரமா?"

"பிளக்ல சிவப்பும் கறுப்பும் இடம் மாறினா என்ன ஆகும்?"

"எந்த பிளக்?"

"என் வீடியோ. முழுக்கப் பக்கம் மாறிப் பதிவாகியிருக்கு. நீங்க பார்த்துட்டுச் சரின்னு சொன்னீங்களே."

"நான் பிளக்கைத்தான் பார்த்தேன். வீடியோவைப் பார்க்கலையே," என்றான் மெல்ல.

"விளக்கு எரியாதுதானே? எரியலைன்னா கழட்டிடுவாங்க. இல்லையா?"

"எரியும்."

"எரியுமா?"

"நல்லாவே எரியும். அதான் ஆபத்து. மேஜை விளக்குல வயர்லயே ஒரு சுவிட்ச் இருக்கும் பாரு. மாத்தி மாட்டியிருந்தா, அதை அணைச்சாலும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். அணைச்சுட்டோம்ங்கிற நம்பிக்கைல பல்பைக் கழட்டப் போறவங்க..." அவன் முடிக்கவில்லை. "முதல்ல அதைத் தூக்கிடு."

"தூக்கினா அந்தப் பொண்ணு எழுதினதும் கூடவே போயிடுமே. அப்புறம் அவளை எங்கே போய்த் தேடறது?"

அது உண்மையான காரணம்தான். இன்னொன்றும் இருந்தது. தூக்கினால் ஒன்பது எட்டாகிவிடும். ஒருத்தி உயிர் என்ன ஆனதோ என்று தெரியாத நேரத்தில் இந்தக் கணக்கும் மனசுக்குள் வந்தது. வந்ததே என்று தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வீடியோவின் தலைப்பை மாற்றினாள். 'இது தப்பு. இதைப் பார்த்து மாட்டாதீங்க.' பிறகு ஜன்னலோரத்துக்கு எழுதினாள்: 'அக்காதான் பேசறேன். அந்த விளக்கோட பிளக்கை உடனே பிடுங்கிடுங்க. பல்பைத் தொடாதீங்க. பார்த்ததும் ஒரு வார்த்தை எழுதுங்க.'

பதில் இல்லை.

அந்தப் பழைய வரியை மறுபடியும் படித்தாள். எரியுது அக்கா. முற்றுப்புள்ளி வைத்த அமைதியான வரிதான். ஆனால் இப்போது அது வேறு மாதிரிக் கேட்டது. ஒரு வீட்டுக்குள்ளிருந்து யாரோ கத்துவது போல இருந்தது. சந்தோஷத்தில் எழுதியிருக்கிறாள் என்று தானாக நினைத்துக்கொண்டோமே, அதற்கு அப்புறம் அவள் ஒரு எழுத்துகூட எழுதவில்லையே, எந்த வீடியோவுக்குக் கீழேயும் வரவில்லையே. இதையெல்லாம் இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார்கள். அந்தப் பக்கம் அவளால் கண்ணைத் திருப்ப முடியவில்லை. போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள் முதலாளியம்மா.

"யாருக்குன்னு தெரியலைம்மா," என்றாள் முக்கால்.

முதலாளியம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

புருஷனும் சீக்கிரமே வந்துவிட்டிருந்தான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை. அந்த வீட்டில் யார் பயந்தாலும் இன்னொருவர் டீ போடுவது வழக்கம். அவன் டீயைக் கொண்டுவந்து வைத்தான். இருவரும் சமையலறையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணும் ஆகியிருக்காது. பல்பு என்ன தினமுமா போகுது?"

"ஒரு நாள் போகும்ல?"

அவன் டீயை அவள் பக்கம் நகர்த்தினான்.

வெளிக்கதவு திறந்தது. நாத்தனார் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே குரல் வந்தது. "பத்தாவது போட்டாச்சா?"

"இன்னும் இல்லை அண்ணி."

"அதானே பார்த்தேன்." முன்னறைக் கதவு சாத்திக்கொண்டது.

சாதாரண நாளாக இருந்தால் அது குத்தியிருக்கும். இன்று எங்கேயும் படவில்லை. முக்கால் டீயை ஒரு வாய் குடித்தாள், ஆறிப்போயிருந்தது. முன்னறைக்குள்ளிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"ஏம்மா, ஒரு துணி கொண்டா. பல்பு சுடுது, கழட்ட முடியலை."

முக்கால் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைத்த பிறகுதான் காதில் விழுந்தது மனசில் இறங்கியது. கதவைத் தள்ளினாள்.

நாத்தனார் கட்டிலில் ஒரு காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலை ஒட்டிய கட்டில். மடியில் ஒரு புது பல்பு. வயரிலிருந்த சுவிட்சை அணைத்துவிட்டு, துணி வருவதற்குள் பொறுமையில்லாமல் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பழைய பல்பைப் பாதி திருகியிருந்தாள். மேஜை விளக்கின் வயர் கட்டிலுக்குப் பின்னால் இறங்கி, சுவரில் முடிந்தது. அந்த பிளக்கின் கழுத்தில் ஒரு சுற்று மஞ்சள் டேப்.

மஞ்சள் டேப். 'கடைசியா கழுத்துல ஒரு சுத்து மஞ்சள் டேப், நீங்களே மாட்டினதுக்கு அடையாளமா.' அவள் சொல்லிக்கொடுத்ததுதான். வேறு யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள்.

"கையை எடுங்க."

"என்னது?"

"கையை எடுங்க அண்ணி." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. கட்டிலில் முழங்கால் இடிக்கப் பாய்ந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கிய கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புருஷன் ஓடிவந்தான். பிளக்கை வாங்கி ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தான். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தான். பிறகு அக்காவிடம் நீட்டினான்.

"மாறித்தான் இருக்கு. L, N-னு எழுத்து கிழுத்து எதுவும் பார்க்கலையா?"

"இதுல ஏது எழுத்து? மலிவு பிளக். இவ காட்டின மாதிரியேதான் மாட்டினேன்," என்றாள் நாத்தனார். சொன்ன பிறகுதான் தான் அகப்பட்டுக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது.

முக்கால் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள்.

"ஜன்னலோரம் நீங்களா?"

நாத்தனார் மடியிலிருந்த புது பல்பைத் துடைத்தாள்.

"என்னை அக்கான்னு எழுதியிருக்கீங்களே அண்ணி."

"வேற என்னன்னு எழுதறது? மரியாதையா நாத்தனார்னு கையெழுத்துப் போடவா?" நாத்தனாரின் குரல் கறாராகத்தான் இருந்தது, கண்தான் எங்கேயோ போயிற்று. "நாலாவதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் எழுதலை. நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு உட்கார்ந்திருந்தே. அதோட நிறுத்திடுவேன்னு தோணிச்சு. சும்மா பொய்யா எழுதவும் மனசு வரலை. அதான் மாட்டிப் பார்த்துட்டு எழுதினேன்."

முக்காலுக்கு அழுகை வந்தது. பயம் விட்ட அழுகையா, அன்பு தாங்காத அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. நாள் பூராவும் எங்கேயோ இருக்கும் யாருக்கோ பயந்துகொண்டிருந்தாள். அந்தக் கை பத்தடி தூரத்தில், தன் வீட்டு முன்னறையில் இருந்திருக்கிறது.

"போதும், எழுந்திரு," என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு அவளே எழுந்திருக்கவில்லை. முகம் மெல்ல மாறியது. "ஒரு நிமிஷம் இரு. என் விளக்கு மட்டும் இல்லை."

"என்ன அண்ணி?"

"விடுதில நாலு பொண்ணுங்க ரூம்ல பிளக் உடைஞ்சு கிடந்தது. ஆள் கூப்பிட்டா ஒரு வாரம் ஆகும். உன் வீடியோவைக் காட்டி, நீங்களே மாட்டுங்கடின்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க வீட்டுப் பொண்ணு போட்டதுன்னு சொன்னேன்," என்றாள்.

அந்த வார்த்தைக்காக முக்கால் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தாள். வந்து சேர்ந்த நேரத்தைப் பாருங்கள்.

நாத்தனார் அந்த நாலு பேருக்கும் செய்தி அனுப்பினாள். 'மேஜை விளக்கு பிளக்கை உடனே பிடுங்கு. பல்பைத் தொடாதே. செய்துவிட்டுப் பதில் போடு.' வார்டன் அனுப்பினால் மறுபேச்சு கிடையாது. முதல் பதில் உடனே வந்தது. 'பிடுங்கிட்டேன் மேடம்.' பின்னாலேயே இரண்டாவது.

"மூணாவது பொண்ணு இப்போ பதில் போட்டுடுவா. நாலாவது ரூம்காரி வேலை விட்டு வரவே நேரமாகும்," என்றாள் நாத்தனார். "அதுக்குள்ள நீ பத்தாவதை எடு."

"இப்பவா? ஷவரையா?"

"ஷவராவது மண்ணாவது. இதையே எடு. வேற எங்கேயாவது எவளாவது மாட்டி வச்சிருந்தா?"

புருஷன் போனைப் பிடித்தான். இந்த முறை பின்பக்கக் கேமரா. முக்கால் திறந்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை விளக்கின் கீழே நின்றாள். மணிக்கட்டுகளில் நாத்தனார் பேனாவால் ஒன்றில் 'வ', ஒன்றில் 'இ' என்று எழுதிவிட்டிருந்தாள்.

"நாலாவது வீடியோல நான் காட்டினது தப்பு," என்று ஆரம்பித்தாள். "படம் பக்கம் மாறி விழுந்திருந்தது. நான் போடறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் பார்க்கலை. முடிஞ்சா போதும்னு இருந்துட்டேன். அதைப் பார்த்து மாட்டினவங்க இப்பவே பிளக்கைப் பிடுங்குங்க. சரியான பக்கம் எதுன்னு இப்போ காட்டறேன்." காட்டினாள். வாழ்க்கையில் முதல் முறையாக வலது என்றும் இடது என்றும் வாய்விட்டுச் சொன்னாள். ஒரு நிமிடம் ஆகிவிட்டது.

போடுவதற்கு முன்னால் மூன்று பேரும் கடைசி வரைக்கும் பார்த்தார்கள். பின்சுவர்க் கடிகாரத்தின் முள் முன்னால் போனது. போட்டாள்.

பத்து.

இந்த நேரத்தில் எப்படியிருக்கும் என்று அவள் பல தடவை கற்பனை செய்திருந்தாள். அண்ணனைக் கூப்பிட்டு ஒரு வாங்கு வாங்க வேண்டும் என்று வசனம்கூடத் தயாராக இருந்தது. இப்போது அதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. நாத்தனாரின் போன் மேஜையில் அதிர்ந்தது.

மூன்றாவது பெண். 'பிடுங்கிட்டுக் கீழே சாப்பிட வந்துட்டேன் மேடம். பக்கத்து ரூம்காரி இன்னிக்கு லீவு. உள்ளேதான் இருக்கா. கதவு சாத்தியிருக்கு.'

நாத்தனார் அதைச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருந்த புது பல்பைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா விளக்கு மினுக்குது, பல்பு வேணும்னு அந்த நாலாவது பொண்ணு கேட்டா. இன்னிக்கு வாங்கினேன். ஒண்ணு எனக்கு." குரல் இறங்கிவிட்டது. "ஒண்ணு அவ மேஜை மேல வச்சுட்டு வந்தேன்."

நாலாவது பெண்ணின் எண்ணைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. விடுதி போனைக் கூப்பிட்டாள். பெண்கள் வீட்டுக்குப் பேசும் நேரம், யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மற்ற மூன்று பெண்களும் எடுக்கவில்லை, சாப்பாட்டு நேரம்.

"பதறாதீங்க," என்றான் புருஷன். அவனே பதறிக்கொண்டுதான் இருந்தான். "மூணு பேர் பிடுங்கிட்டாங்கல்ல. அவளும் இப்போ பார்த்துடுவா."

"நாலுல மூணுன்னா எவ்வளவுங்க?" என்றாள் முக்கால்.

அவள் அதற்குள் செருப்பில் காலை நுழைத்திருந்தாள். நாத்தனார் விடுதிச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

முதல் தெருவை நடந்தார்கள். இரண்டாவது தெருவில் நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாது. விடுதி தெருக்கோடியில் இருந்தது. மாடியில் வரிசையாக நாலு ஜன்னல்கள்.

"நான் மெயினை அணைக்கறேன். எங்கே இருக்கு?" என்றான் புருஷன் மூச்சிரைக்க.

"பின்கட்டுல. பூட்டியிருக்கும்."

முக்கால் மாடியைப் பார்த்தபடியே போனாள். மூன்று ஜன்னல்கள் இருட்டாக இருந்தன. மூன்று பேர் சொன்னபடி செய்திருக்கிறார்கள். நாலாவது ஜன்னலில் விளக்கு எரிந்தது. மினுக்கியது, மறுபடி எரிந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு நிழல் எழுந்து, மேஜைப் பக்கம் குனிந்தது.

விளக்கு அணைந்தது. சுவிட்சை அணைத்தாயிற்று, அடுத்தது பல்பு.

முக்கால் நாத்தனாரின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.